அணு உலையின் பழுதை மெஷினே கண்டுபிடிக்குமா? பைனல் இயர் புரொஜெக்டுக்கு யோசனை தேவை

காரைதீவுப் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். நான் ஒலுவிலில் இன்ஜினியரிங் கடைசி வருடம். புரொஜெக்டுக்கு எடுத்திருக்கும் தலைப்பைச் சொன்னால் வீட்டில் அப்பாவே சிரிக்கிறார். அணு உலையில் பழுது வந்தால் அதைத் தானாகக் கண்டுபிடித்து, இன்ன பழுது என்று பெயர் சொல்லும் மென்பொருள். இலங்கையில் அணு மின்நிலையமே இல்லை, நீ யாருக்கு இதைச் செய்யப் போகிறாய் என்று கேட்கிறார்.

தரவுக்கு வழி இருக்கிறது. பிசிட்ரான் என்ற சிமுலேட்டரில் ஓட்டி எடுத்த விபத்துத் தரவுத்தொகுப்பு ஒன்றை 2022இல் ஆய்வாளர்கள் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமையும் படிப்புக்கான சிமுலேட்டர்களை உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கிறது. இலங்கை 1957இல் இருந்தே உறுப்பு நாடு. குழாய் உடைவு, பம்ப் நிற்பது, நீராவிக் குழாய் வெடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

எனக்கு விளங்காதது வேறு. வாசிக்கிற ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் 98, 99 வீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்றுதான் முடிகின்றன. அவ்வளவு கெட்டிக்கார மெஷின் என்றால் கொன்ட்ரோல் ரூமில் இன்னும் ஏன் மனுசன் இருக்கிறான்? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாழைச்சேனை ஐஸ்காரன்

தம்பி, கோபிக்க வேண்டாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை கிரிட் உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் முட்டி நாடு முழுக்க இருட்டு. நுரைச்சோலையில் மூன்று மெஷினும் நின்று, அது திரும்பி எழும்பி வருவதற்குள் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். ஐஸ் கரைந்தால் போட்டுக்காரனுக்கு யார் பதில் சொல்வது? நீ முதலில் குரங்கைக் கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று செய். மறுகா அணு உலைக்குப் போகலாம்.

செங்கலடி டீச்சர்

ஐஸ்காரன் அண்ணன் பகிடியாகச் சொன்னாலும் கேள்வி நியாயமானது. ஆனால் தம்பியின் தலைப்பும் அவ்வளவு தூரத்து விடயம் இல்லை. ஏ.எல். பெளதிகவியலில் கரு பாடம் எடுக்கும்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் சம்பவம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் இரண்டாவது உலை. விடியப்புறம் நான்கு மணி. நீராவி உண்டாக்கிக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றுவிட்டன. டர்பைன் நின்றது, சில நொடிகளில் உலையும் தானாக நின்றது. இதுவரைக்கும் எல்லாம் வடிவமைத்தபடிதான். உள்ளே அழுத்தம் ஏறியதால் அதை வெளியேற்ற ஒரு வால்வ் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் அது மூட வேண்டும். மூடவில்லை. மூடாத வால்வ் வழியாக உலையைக் குளிரவைக்கும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது.

கொன்ட்ரோல் ரூமில் அந்த வால்வுக்கு ஒரு லைட் இருந்தது. லைட் அணைந்திருந்தது. அணைந்தால் வால்வ் மூடிவிட்டது என்றுதான் ஒபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த லைட் காட்டியது வால்வின் நிலையை இல்லை. வால்வைத் திறந்து வைத்திருக்கும் மின்காந்தத்துக்குக் கரண்ட் போகிறதா என்பதை மட்டும்தான் காட்டியது. கரண்ட் நின்றது உண்மை. வால்வ் சிக்கியிருந்ததும் உண்மை.

அழுத்தம் குறைகிறது, ஆனால் அழுத்தமூட்டியில் நீர்மட்டம் ஏறுகிறது. அழுத்தமூட்டி என்பது உலைத் தண்ணீரின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் தொட்டி, அந்த வால்வ் இருப்பது அதன் உச்சியில். மேலே ஓட்டை இருக்கும்போது அப்படித்தான் நடக்கும். அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியோ நீர்மட்டம் நிரம்பி வழியக்கூடாது என்பது. அதனால் தானாக ஓடத் தொடங்கிய அவசர நீர் பம்புகளைக் குறைத்துவிட்டார்கள். முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேல் அலாரம். அலாரங்களை அச்சடித்துக் கொடுக்கும் பிரின்டர் ஒரு கட்டத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் பின்தங்கிப் போயிருந்தது. வெளியேறும் தண்ணீர் போய் விழும் தொட்டியின் அழுத்தமானி பேனலின் பின்பக்கத்தில். இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம் கழித்துத்தான் ஒருவர் சந்தேகப்பட்டு அந்தப் பாதையிலிருந்த இன்னொரு வால்வை மூடினார். அதற்குள் எரிபொருள் சேதமடையத் தொடங்கிவிட்டது. மொத்தத்தில் கோர், அதாவது உலையின் எரிபொருள் பகுதி, கிட்டத்தட்டப் பாதி உருகியது.

உலை நின்றுவிட்டதுதானே, பிறகு ஏன் உருகுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிளவு நின்றாலும் பிளவில் பிறந்த பொருட்களின் கதிரியக்கச் சிதைவு நிற்காது. நின்ற கணத்தில் முழு வெப்பத்தின் 6, 7 வீதம் வந்துகொண்டிருக்கும். கூடங்குளம் மாதிரி 3000 மெகாவாட் வெப்ப உலையில் அது ஏறத்தாழ 200 மெகாவாட். நம்ம இங்கினியாகலை அணையின் மின்நிலையம் 11 மெகாவாட்தான், அப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் இருக்கும்.

அதனால் தம்பி, பழுதைக் கண்டுபிடிப்பது உலையை நிறுத்துவதற்கு மட்டும் இல்லை. நின்ற பிறகு என்ன நடக்கிறது என்று அறிவதற்கும்தான். அன்றைக்கு இல்லாமல் போனது அதுதான்.

கல்முனைக் காக்கா

டீச்சர் சொன்ன லைட் கதை எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது. நான் வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கி மின்சாரமும் எடுக்கும் பிளான்ட் ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தவன். ஊர் வந்து இப்போது கடைதான். அணு உலை பார்த்ததில்லை, ஆனால் அளவை சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் எங்கே இருந்தாலும் டிரான்ஸ்மிட்டர்தான்.

வால்வ் மூடியிருக்கிறதா என்று அறிய மூன்று வழி உண்டு. மூடு என்று கட்டளை போனதா என்று பார்க்கலாம். வால்வின் தண்டில் லிமிட் சுவிட்ச் வைத்துத் தண்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். அல்லது வால்வுக்குப் பின்னால் குழாயில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்க்கலாம். மூன்றாவது சுப்பர்வைசர் பார்க்காத நேரத்தில் நாங்கள் செய்வது, அதுதான் பொய் சொல்லாது. லிமிட் சுவிட்சும் பொய் சொல்லும். தண்டு இறங்கியிருக்கும், கீழே தட்டு கழன்று கிடக்கும்.

திரீ மைல் ஐலண்டில் அந்தக் குழாயின் சூட்டுக்கும் வெப்பமானி இருந்தது. சூடு என்றுதான் காட்டியது. ஆனால் அந்த வால்வ் முன்பே கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது, அதனால் சூடாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பழைய பழுது புதுப் பழுதை மறைத்துவிட்டது.

இன்னொன்று. 1977 செப்டம்பரில் ஒகாயோவின் டேவிஸ் பெஸ்ஸி உலையில் இதே வகை வால்வ் இதே மாதிரிச் சிக்கியது. அங்கே இருபது நிமிடம் போல் ஆனதும் ஒபரேட்டர் கண்டுபிடித்து மூடிவிட்டார். உலை குறைந்த சக்தியில் ஓடியதால் சேதமில்லை. அந்தப் பாடம் திரீ மைல் ஐலண்ட் ஒபரேட்டர்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினைப் பற்றிப் பேசுகிறோம், சரி. தகவல் ஒரு பிளான்டிலிருந்து அடுத்த பிளான்டுக்குப் போகாததும் பழுதுதான், அதை எந்த சென்சரும் காட்டாது.

காரைதீவுப் பெடியன்

டீச்சர், காக்கா, நன்றி. அப்படியானால் என் மொடல் அன்றைக்கு இருந்திருந்தால் அழுத்தம், நீர்மட்டம், குழாய்ச் சூடு மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஓட்டை என்று சொல்லியிருக்கும்தானே? மறுபடியும் அதே கேள்வி. ஏன் இன்னும் வைக்கவில்லை?

களுவாஞ்சிக்குடியான்

நான் இப்போது டொரோண்டோ பக்கம். கருவிகளின் நிலை கண்காணிப்பு மென்பொருள்தான் என் வேலை.

தம்பி, வைக்கவில்லை என்பது சரியில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள், எங்கே வைக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உலையை நிறுத்தும் வேலை பாதுகாப்பு முறைமைக்கு. அது வேண்டுமென்றே மொக்கையாக வைத்த முறைமை. அழுத்தம் இந்த எல்லையைத் தாண்டினால் நிறுத்து, நியூட்ரான் அளவு இந்த எல்லையைத் தாண்டினால் நிறுத்து, அவ்வளவுதான். ஒரே அளவை மூன்று அல்லது நான்கு தனித்தனி வழிகளில் அளந்து, இரண்டு வழி ஒத்துப்போனால் நிறுத்தும். ஒரு சென்சர் தனியாகப் பைத்தியம் பிடித்து உலையை நிறுத்தவும் முடியாது, தனியாகச் செத்து நிறுத்தத்தைத் தடுக்கவும் முடியாது. என்ன பழுது என்று அதற்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

இங்கே கனடாவின் காண்டு உலைகளில் நிறுத்தும் முறைமையே இரண்டு. ஒன்று தண்டுகளை விழவிடும். மற்றது நியூட்ரானை விழுங்கும் கடோலினியம் கரைசலைப் பாய்ச்சும். ஒன்றின் கருவிகள் மற்றதற்கு இல்லை. டார்லிங்டன் நிலையத்தில் இவற்றை மென்பொருளால் ஓட்ட முடிவு செய்தபோது, 80களின் கடைசியில், அந்த நிரல் சரியானது என்று ஒழுங்குபடுத்துநரை நம்பவைக்க முடியாமல் அனுமதியே தாமதமானது. கணிதக் குறியீட்டில் தேவைகளைத் திரும்ப எழுதி, நிரலை வரி வரியாக ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். எல்லையைத் தாண்டினால் நிறுத்து என்ற நிரலுக்கே அந்தப் பாடு. தரவைப் பார்த்துத் தானே கற்கும் நரம்பு வலை என்ற நிரலுக்குள் லட்சக்கணக்கான எண்கள் (எடைகள்) இருக்கும், அதை யார் எப்படி அப்படிச் சரிபார்ப்பது?

ஆகவே பழுதை இனங்காணும் மெஷின் அந்தப் பக்கம் போவதில்லை. ஒபரேட்டருக்குப் பக்கத்தில் ஆலோசகராக உட்காரும். முயற்சி பழையது. 1982இலேயே ஐடஹோவில் ரியாக்டர் என்ற பெயரில் விபத்தை இனங்காணும் விதி அடிப்படையிலான நிபுணத்துவ முறைமை ஒன்று செய்தார்கள். 1992இல் பார்ட்லெட், உரிக் இருவரும் நரம்பு வலையை வைத்து உலையின் நிலையைச் சொல்ல வைத்தார்கள். நோர்வேயின் ஹால்டனில் நரம்பு வலையால் சென்சர்களைச் சரிபார்க்கும் பியானோ என்ற மென்பொருள் வந்தது. நீ புதிதாகத் தொடங்கவில்லை, வரிசையில் நிற்கிறாய். வரிசை நீளம்.

வாழைச்சேனை ஐஸ்காரன்

பட்டனை அமத்த விடமாட்டார்கள், பக்கத்தில் நின்று கதைக்க மட்டும் விடுவார்கள். அப்படியென்றால் என்ன பிரயோசனம்? எங்கள் ஃபேக்டரியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

கல்முனைக் காக்கா

அண்ணே, அவரைத் திட்டாதீங்க, இந்த இழையை வாசிக்கலாம் 😄

பிரயோசனம் மெல்ல வரும் பழுதில்தான். நிமிடக் கணக்கில் வரும் பழுதுக்கு எல்லையும் அலாரமும் போதும். மாதக் கணக்கில் வருவது எந்த எல்லையையும் தாண்டாமலே வரும்.

அதே டேவிஸ் பெஸ்ஸி, 2002. உலைப் பாத்திரத்தின் மூடியில் ஒரு நுனிக்குழாயில் வெடிப்பு. போரிக் அமிலம் கலந்த தண்ணீர் மெல்லக் கசிந்து, சுமார் 16 சென்டிமீட்டர் தடிப்பான உருக்கை அரித்துத் தின்றுவிட்டது. மிஞ்சியது உள்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டரும் வராத துருப்பிடிக்காத உருக்குப் படலம் மட்டும். அழுத்தத்தை அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு நிறுத்தியிருந்தபோதுதான் கண்டார்கள்.

அறிகுறி இல்லாமலா இருந்தது? கட்டடத்தின் காற்றில் கதிரியக்கம் பார்க்கும் கருவிக்கு ஒரு வடிகட்டி உண்டு. நெடுநாள் தாங்க வேண்டிய அந்த வடிகட்டி ஒரு நாள், இரண்டு நாளில் அடைபடத் தொடங்கியது. அடைத்தது துருவின் நிறமுள்ள தூள். இவர்கள் என்ன செய்தார்கள்? வடிகட்டியை அடிக்கடி மாற்றினார்கள். பராமரிப்புப் புத்தகத்தில் அது வடிகட்டி மாற்றம் என்று மட்டும் இருந்தது. என்னைக் கேட்டால் தம்பியின் மெஷின் படிக்க வேண்டியது அந்தப் புத்தகத்தை. அழுத்தமானி வரைபடத்தை விட அதில் சங்கதி இருந்தது.

அப்புறம் சலசலப்பு. இது எனக்கு மிகவும் பிடித்த விடயம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். அழுத்த டிரான்ஸ்மிட்டரைக் குழாயோடு இணைப்பது ஒரு மெல்லிய இம்பல்ஸ் லைன். அது உள்ளே படிவு பிடித்து அடைபட்டால் என்ன நடக்கும்? பிளான்ட் நிதானமாக ஓடும்போது வாசிப்பு சரியாகவே இருக்கும். நாலு டிரான்ஸ்மிட்டரை ஒப்பிட்டாலும் நாலும் ஒன்றுதான் சொல்லும். ஆனால் உண்மையான அழுத்தம் எப்போதும் சின்னதாக ஆடிக்கொண்டே இருக்கும். அடைபட்ட லைனில் அந்த ஆட்டம் வந்து சேராது, கோடு வழுவழு என்று இருக்கும். புதியவன் அந்தக் கோட்டைப் பார்த்து எவ்வளவு அழகான சிக்னல் என்பான். பழையவன் ஸ்பேனரை எடுப்பான். விபத்து நேரத்தில் அந்த டிரான்ஸ்மிட்டர் பிந்தித்தான் சொல்லும், பிந்தினால் நிறுத்தமும் பிந்தும்.

அணு உலைகளில் இதை முறையாகச் செய்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிக்னலின் சலசலப்பைப் பதிந்து, அதன் அலைவரிசையைப் பிரித்துப் பார்த்து, சென்சர் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்று கணக்கெடுப்பார்கள். 1990இல் அமெரிக்க ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒரு அறிவித்தலே விட்டது. ஒரு வகை டிரான்ஸ்மிட்டரின் உள்ளே நிரப்பிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் மந்தமாகிக்கொண்டிருந்தது. பாத்திரத்துக்கு வெளியே வைத்த நியூட்ரான் டிடெக்டரின் சலசலப்பை வைத்து உள்ளே கோரைச் சுற்றியிருக்கும் பீப்பாய் அதிர்வதை 70களிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். கழன்ற போல்ட் ஒன்று உள்ளே ஓடித் திரிந்தால் அது இடிக்கும் சத்தத்தைப் பிடிக்க, பாத்திரத்தின் மேல் அதிர்வுமானிகள் உண்டு. எந்த அதிர்வுமானிக்குச் சத்தம் முதலில் வந்தது என்ற நேர வித்தியாசத்தில் இடமும், சத்தத்தின் தன்மையில் போல்ட்டின் எடையும் ஓரளவுக்குத் தெரியும்.

திருக்கோவில் கரைவலை

எனக்கு இதெல்லாம் முழுக்க விளங்காது. ஆனாலும் வாசித்தேன். கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. கூடங்குளம் பக்கத்தில்தானே இருக்கிறது. 2019இல் அங்கே கொம்பியூட்டர் வைரஸ் புகுந்தது என்று செய்தி வந்தது. பழுது பார்க்கிற கொம்பியூட்டரையே ஆராவது ஏமாற்றினால்? இங்கே எங்களுக்கு எப்படித் தெரியவரும்?

களுவாஞ்சிக்குடியான்

அண்ணன், நல்ல கேள்வி. 2019 ஒக்டோபர் 30இல் இந்திய அணுமின் கழகம் அதை ஒத்துக்கொண்டது. வைரஸ் இருந்தது நிர்வாக வேலைக்கான வலையமைப்பில் இணைந்த ஒரு கொம்பியூட்டரில், உலையை ஓட்டும் வலையமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிந்தது என்றும் சொன்னார்கள்.

ஆனால் ஏமாற்றலாமா என்றால், ஏமாற்றியிருக்கிறார்கள். உலையில் இல்லை, ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் நிலையத்தில். 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், மையவிலக்கு இயந்திரங்களைத் தாறுமாறாக ஓட்டும்போது, முன்பே பதிந்து வைத்த நல்ல வாசிப்புகளைத் திரும்பத் திரும்பக் காட்டியது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் சுகம். காக்கா சொன்ன சலசலப்பு இங்கேயும் உதவும். ஒரே சலசலப்பு அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தால் அது பதிவு, இயற்கை இல்லை. அப்படிப் பிடிக்கும் முறைகளும் ஆய்வில் இருக்கின்றன.

செங்கலடி டீச்சர்

இங்கே எப்படித் தெரியவரும் என்பதற்கு: இலங்கை அணுசக்தி சபை கரையோரங்களில் கதிர்வீச்சு அளவிகள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதிலும் இதே பிரச்சினைதான், அண்ணன். அளவி ஏறினால் அது உலையா, வேறு ஏதாவதா என்று இனங்காண வேண்டும். மழை பெய்தாலே காமா அளவு ஏறும். மண்ணிலிருந்து வரும் ரேடன் வாயுவின் சிதைவுப் பொருட்களை மழை காற்றிலிருந்து கழுவிக் கீழே கொண்டுவந்துவிடும். அவற்றின் அரைவாழ்வு அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. அதனால் மழை விட்டுச் சில மணித்தியாலத்தில் அளவு பழையபடி இறங்கிவிடும். உலையிலிருந்து வரும் சீசியம் அப்படி இறங்காது. எந்த சக்தியில் காமா வருகிறது என்று பிரித்துப் பார்த்தாலும் தெரியும். மார்கழி மழையில் எல்லை தாண்டியவுடன் சங்கு ஊதினால் இரண்டாவது வருடம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மட்டுநகர் மேற்பார்வை

கூடங்குளம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. அதை இங்கே தொடங்கிய இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இது தம்பியின் புரொஜெக்ட் இழை.

களுவாஞ்சிக்குடியான்

சரி, 99 வீதத்துக்கு வருகிறேன். தம்பி கேட்டதில் முக்கியமானது அதுதான், நாங்கள்தான் ஊர் சுற்றிவிட்டோம்.

சிமுலேட்டரில் ஒரு விபத்தை ஓட்டினால் நூற்றுக்கணக்கான வரிகள் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து வரிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லா வரிகளையும் சீட்டுக் குலுக்குவது போல் குலுக்கி, 80 வீதத்தில் படித்து, 20 வீதத்தில் சோதித்தால், சோதனையில் வரும் ஒவ்வொரு வரிக்கும் இரட்டைப் பிள்ளை ஒன்று படித்த பக்கத்தில் இருக்கும். மொடல் பழுதைப் படிக்கவில்லை, அந்த ஓட்டத்தை மனப்பாடம் செய்திருக்கிறது. கட்டுரை வாசிக்கும்போது முதலில் எப்படிப் பிரித்தார்கள் என்று பார். ஓட்டம் முழுவதையும் ஒரு பக்கம் ஒதுக்காமல் வரியைக் குலுக்கியிருந்தால் அந்த 99ஐ நான் நம்பமாட்டேன்.

அதோடு விட்டால் பரவாயில்லை. பல தரவுத்தொகுப்புகளில் எல்லா ஓட்டமும் முழுச் சக்தியில் தொடங்கும். சென்சர் எல்லாம் புத்தம் புதியது மாதிரி வேலை செய்யும். ஒரு நேரத்தில் ஒரு பழுது மட்டும் வரும். உண்மையான பிளான்டில் ஒரு சென்சர் ஏற்கெனவே விலகியிருக்கும், ஒரு பம்ப் பராமரிப்பில் இருக்கும், மறுகாதான் பழுது வரும். திரீ மைல் ஐலண்ட் அப்படித்தான். மாற்று நீர் பம்புகளின் வால்வுகள் பராமரிப்புக்குப் பிறகு மூடியபடியே கிடந்தன, எட்டு நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கலவையை உன் தரவுத்தொகுப்பில் உள்ள 18 வகை விபத்துப் பட்டியலில் எந்த வகைக்குள் போடுவாய்?

என் கருத்து இது, மற்றவர்கள் மறுக்கலாம்: வகைப் பெயர் சொல்வது பாதி வேலை. இது நான் படித்த எதையும் போல இல்லை என்று சொல்லத் தெரிந்த மொடல்தான் கொன்ட்ரோல் ரூமுக்குள் வரத் தகுதியுள்ளது. தெரியாததற்கும் 97 வீத நம்பிக்கையோடு பெயர் சொல்லும் மொடல், அந்த அணைந்த லைட்டை விட ஆபத்தானது. லைட்டை ஒபரேட்டர் சந்தேகிக்கலாம். கொம்பியூட்டர் வீதத்தோடு சொன்னால் சந்தேகிக்க மனம் வராது.

காரைதீவுப் பெடியன்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. தலைப்பைச் சுருக்கப் போகிறேன். எல்லா விபத்தும் வேண்டாம். ஒன்றுக்கொன்று குழம்பக்கூடிய சிலதை மட்டும் எடுக்கலாமா? எவை நல்லது?

செங்கலடி டீச்சர்

அழுத்த நீர் உலையில் மூன்று பழுது அக்கா தங்கச்சி மாதிரி வரும், அதை எடு. முதல் சுற்றில், அதாவது உலைக்குள் ஓடும் தண்ணீரின் சுற்றில், குழாயில் சிறு உடைவு ஒன்று. உலைக் கட்டடத்துக்குள் நீராவிக் குழாய் உடைவது இரண்டு. நீராவி உண்டாக்கியின் உள்ளே ஒரு மெல்லிய குழாய் உடைவது மூன்று. தொடக்கத்தில் மூன்றிலும் முதல் சுற்றின் அழுத்தம் இறங்கும், அழுத்தமூட்டியின் நீர்மட்டமும் இறங்கும்.

பிரிப்பது மற்ற அறிகுறிகள். முதலாவதில் கட்டடத்துக்குள் அழுத்தமும் ஏறும், கதிரியக்கமும் ஏறும். இரண்டாவதில் கட்டடத்தின் அழுத்தம் ஏறும், கதிரியக்கம் ஏறாது. ஒரு நீராவி உண்டாக்கியின் அழுத்தம் மட்டும் விழும், முதல் சுற்று சட்டென்று குளிரும். மூன்றாவதில் கட்டடத்துக்குள் அமைதி. கதிரியக்கம் நீராவிக் குழாய் பக்கம் தெரியும், ஒரு நீராவி உண்டாக்கியில் மட்டும் காரணமில்லாமல் தண்ணீர் கூடும். மூன்றாவது 1982 ஜனவரியில் அமெரிக்காவின் கின்னாவிலும், 1991 பெப்ரவரியில் ஜப்பானின் மிஹாமாவிலும் நடந்தது. கட்டடத்துக்கு வெளியே போகும் நீராவியில் கதிரியக்கம் கலக்கும் என்பதால் எந்த நீராவி உண்டாக்கி என்று சீக்கிரம் கண்டுபிடித்து அதைத் தனிமைப்படுத்த வேண்டும். இனங்காணுதல் அங்கே நேரடியாகக் கைவேலையைத் தீர்மானிக்கிறது. ஐஸ்காரன் அண்ணன் கேட்ட பிரயோசனம் அதுதான்.

திரீ மைல் ஐலண்டுக்குப் பிறகு அவசர நடைமுறைப் புத்தகங்களையே மாற்றினார்கள் என்பதையும் அறிமுகத்தில் எழுது. முன்பு எந்த விபத்து என்று கண்டுபிடித்தால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். பிறகு, பெயர் தெரியாவிட்டாலும் அறிகுறியைப் பார்த்து கோரைக் குளிர வைத்துக்கொண்டிரு என்ற முறை வந்தது. இனங்காணும் மெஷின் பிழைத்தாலும் உலை பிழைக்க வேண்டும் என்பதுதான் அங்கே யோசனை.

வாழைச்சேனை ஐஸ்காரன்

டீச்சர், இப்போது விளங்குது. தம்பி, உலை கிடைக்காவிட்டால் எங்கள் அமோனியா கொம்பிரசர் இருக்கு. உறிஞ்சும் அழுத்தம், தள்ளும் அழுத்தம், தள்ளும் சூடு, எண்ணெய் அழுத்தம் எல்லாம் மணிக்கொரு தடவை கையால் எழுதிய லொக் புத்தகங்கள் அலுமாரி நிறைய. கண்டென்சரில் படிவு பிடித்த காலமும் அதில் இருக்கு, வால்வ் தட்டு உடைந்த காலமும் இருக்கு. முதலாளியிடம் கேட்டுத் தருகிறேன். சிமுலேட்டர் இல்லை, நிஜம்.

காரைதீவுப் பெடியன்

அண்ணன், கட்டாயம் வருகிறேன். உலையை விடமாட்டேன், ஆனால் அதே முறையை உங்கள் கொம்பிரசர் தரவில் ஓட்டி ஓர் அத்தியாயம் சேர்க்கலாம்.

காக்கா, ஒரு கேள்வி. சிமுலேட்டரில் சென்சர் பழுது இல்லை. எல்லா வாசிப்பும் உண்மை. நான் எப்படிப் பொய்யைச் சேர்ப்பது?

கல்முனைக் காக்கா

தரவு எடுத்த பிறகு நீயே கலக்கு, தம்பி. ஒரு சிக்னலை ஒரு கணத்தில் உறைய வை. இன்னொன்றை மெல்ல ஒரு பக்கம் விலக்கு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று. ஒன்றை மந்தமாக்கு, அதாவது உண்மையான மாற்றம் சில நொடி பிந்தி, முனை மழுங்கி வரட்டும். அதுதான் அடைபட்ட இம்பல்ஸ் லைன். ஒன்றை முழுக்கச் சாகடி, பூச்சியத்தில் விட வேண்டாம், அளவுகோலின் மேல் எல்லையிலும் ஒட்டிக்கொள்ளும்.

மட்டமானிக்கு ஒரு விசேஷப் பொய் இருக்கு. ஒரு பக்கத்தில் எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டுத்தான் அது மட்டம் சொல்லும். அந்தக் குழாய்த் தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் போனால், உள்ளே மட்டம் விழ விழ அது கூடுதலாகக் காட்டும். 2011 மார்ச் 11 இரவு புகுஷிமா முதலாம் உலையில், எரிபொருளின் தலைக்கு மேலே 20 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று மட்டமானி காட்டியது இப்படித்தான். அந்நேரம் கோர் வெளியே தெரிந்துவிட்டிருந்தது. இதையும் ஒரு பழுதாகச் சேர்.

பிறகு டீச்சரின் மூன்று பழுதையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அதைப் பிரித்துக் காட்டும் சென்சரையே கெடு. நீராவிக் குழாய்க் கதிரியக்க அளவி செத்திருக்கும்போது மூன்றாவது பழுது வந்தால் உன் மொடல் என்ன சொல்கிறது? முதலாவது என்று துணிந்து சொன்னால் தோல்வி. இரண்டில் ஒன்று, இந்த அளவியைப் போய்ப் பார் என்று சொன்னால் பாஸ். பழுது தொடங்கி எத்தனையாவது நொடியில் சொன்னது என்றும் அட்டவணையில் போடு. உலை தானாக நிற்கும் முன்பா பின்பா என்று தனித்தனியாகப் போடு. நின்றவுடன் எல்லா சிக்னலும் ஒரேயடியாக விழும், அந்த விழுகையைத்தான் மொடல் படித்திருக்கிறதா என்பது அங்கேதான் பிடிபடும்.